இருபத்தைந்து கிலோவுக்கு இடம்

டேப்புவின் வீட்டுச் சமையலறையில் இரண்டு பேர் நிற்கலாம். ஆனால் அதில் ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்க வேண்டும். அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, இடுப்பு உயரத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ், அதற்கு மேல் ஜன்னல். அறை அத்தோடு முடிந்தது. பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கினால் ஜன்னல் மறையும். மறைந்தால் மறையட்டும் என்று துணிந்தாலும் அந்தப் புது ஃப்ரிட்ஜ் வாசலிலேயே சிக்கிக்கொண்டு நிற்கும். டேப்பு மூன்று தடவை அளந்து பார்த்தாயிற்று.

அளப்பதுதான் அவனுக்குப் பிழைப்பே. ஒரு சரக்குக் கிடங்கில் லோடு பிளானர். எந்தப் பெட்டி எந்த லாரியில், எந்த மூலையில், எது அடியில், எது மேலே என்று காகிதத்தில் போட்டுக் கொடுப்பவன். கடைசியில் இறங்க வேண்டிய சரக்கு முதலில் ஏறி உள்ளே போக வேண்டும், முதலில் இறங்குவது கதவோரம் நிற்க வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவு டேப் இருப்பதால் கிடங்கில் வைத்த பெயர் டேப்பு. அந்தப் பெயர் எப்படியோ வீடு வரைக்கும் வந்து, இப்போது கீழ்வீட்டுப் பல் டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

லாரிக்குப் போட்ட மூளையை ஃப்ரிட்ஜுக்குப் போடாமல் இருப்பானா? சனிக்கிழமை மதியம் சந்தை. வந்ததும் ஏழு டப்பா. அடுத்த சனிக்கிழமை சாப்பிட வேண்டியது பின்சுவரை ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வேண்டியது கதவோரம். முட்டைக்கு இத்தனை குழி, பாலுக்கு இத்தனை அங்குலம். ஃப்ரிட்ஜ் கதவில் நாலு வாரத்துக்கு ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். என்றைக்கு என்ன சமையல், எவ்வளவு அரிசி, எத்தனை கிழங்கு, அடுப்பு எத்தனை மணிக்கு யாருக்கு என்று எல்லாம் அதில் இருக்கும். மனைவி பஸ் ஓட்டுகிறாள். ஒரு வாரம் விடிகாலை ஷிப்ட், ஒரு வாரம் மதிய ஷிப்ட். அதற்குத் தகுந்தபடி சீட்டும் புரளும். ஒன்பது வருஷமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"என் பஸ்ஸுக்கே இவ்வளவு டைம் டேபிள் கிடையாது" என்பாள் அவள். சொல்வாளே தவிர, சீட்டுப்படிதான் சாப்பிடுவாள். அதில் டேப்புவுக்கு உள்ளூரப் பெருமை.

அந்த ஒழுங்கில்தான் மாமனார் வந்து இறங்கினார்.

மாமனார் முப்பத்தொரு வருஷம் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஓய்வு பெற்ற பிறகு துறைமுகத்துப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு தனியாக இருந்தார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனுஷர். இரண்டு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து, ஒரு பகல் முழுக்க யாருக்கும் தெரியாமல் அங்கேயே கிடந்தார். அந்தச் செய்தி மகளுக்கு மறுநாள்தான் வந்தது. அன்றைக்கு அவள் பஸ்ஸை நடுவழியில் நிறுத்திவிட்டு ஓடாத குறை.

கெஞ்சிக் கூத்தாடி, "ஒரு மாசம் வந்து இருங்கப்பா, பிடிக்கலன்னா போயிடுங்க" என்று கூட்டி வந்தாள். அவரும் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். அறையைப் பூட்டிய சாவி ஒரு கயிற்றில் கழுத்தில் தொங்கியது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள், அறையில் இருக்கிறாரா, காலி செய்கிறாரா என்று அறைக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும்.

வந்த அன்றே மனைவி டேப்புவைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போய் எச்சரித்தாள்.

"இங்க பாருங்க. இருங்கன்னு நாம கேக்கக் கூடாது. கேட்டா நமக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பார். அப்புறம் ஒருநாள் சொல்லாமக் கிளம்பிடுவார். எனக்கு எங்கப்பாவைத் தெரியும். அவர் வாயால இருக்கேன்னு வரணும். நீங்க ஒண்ணும் பேசி வெக்காதீங்க."

"நான் என்ன பேசப் போறேன்?"

"பேச மாட்டீங்க. அளப்பீங்க. அதையும் பண்ணாதீங்க."

அவள் சும்மா சொல்லவில்லை. அப்பா விழுந்ததிலிருந்து போன் அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டுக்கொண்டிருந்த அவள் முகம், அவர் வந்த அந்த ஒரு மாதத்தில் கொஞ்சம் தெளிந்திருந்தது. அப்பா போய்விட்டால் அந்தத் திடுக்கிடல் திரும்பி வந்துவிடும். டேப்புவுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆனால் மாமனாருக்குச் சின்ன அளவில் சமைக்க வராது. கப்பலில் இருபத்துநாலு பேர். அவர் கை உப்பு அள்ளினால் இருபத்துநாலு பேருக்கு அள்ளும். மூன்று பேர் என்று முதல் நாளே சொன்னார்கள். ரொம்பச் சுருக்கி, மனசே இல்லாமல், எட்டுப் பேருக்குச் சமைத்தார். சீட்டில் ஒன்றரைக் கப் அரிசி என்றிருக்கும், அடுப்பில் நாலு கப் கொதிக்கும். சூப் வைத்தால் வீட்டிலிருக்கும் பாத்திரம் அத்தனையும் அதற்கே போய்விடும், டீ போட ஒரு கிண்ணம் மிஞ்சாது. புதன்கிழமை டப்பாவைத் திங்கட்கிழமையே திறந்து, "இந்தக் கோஸ் இன்னும் ஒருநாள் தாங்காது மாப்பிள்ளை, அதான்" என்பார். எது முதலில் கெடுமோ அதை முதலில் சமைப்பதுதான் கப்பல் பழக்கம். சீட்டு என்ன சொல்கிறது என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

இரண்டாவது வாரத்தில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஏதாவது ஒன்று காலில் விழுந்தது. டேப்பு ஒருநாள் கதவை முதுகால் அழுத்தி மூடிக்கொண்டு அரை நிமிஷம் அப்படியே நின்றான். மீந்ததெல்லாம் கீழ்வீட்டுப் பல் டாக்டருக்குப் போனது. அவர் தனிக்கட்டை. முதலில் "எதுக்கு சார் சிரமம்" என்றார். பத்து நாளில் சிரமம் என்ற பேச்சே போய், கழுவித் துடைத்த பாத்திரத்தோடு மாடிப்படியில் நிற்க ஆரம்பித்தார்.

இத்தனைக்கும் டேப்புவுக்கு மாமனார் மேல் கோபம் வரவில்லை. கோபப்பட்டுப் பார்த்தான், வரவில்லை. கிடங்கிலிருந்து வந்தால் அடுப்பில் ஏதோ மணக்கும். அவர் கயிறு கட்டினால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆடிக்கொண்டிருந்த பாத்திர அலமாரியை இரண்டு முடிச்சில் அசையாமல் நிறுத்திவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. மனைவி விடிகாலை ஷிப்டுக்கு நாலரை மணிக்குக் கிளம்புவாள். ஒன்பது வருஷமாக வெறும் வயிற்றோடுதான் போனாள். சீட்டில் அந்த நேரத்துக்கு ஒரு கட்டம் போட டேப்புவுக்குத் தோன்றவே இல்லை, அவன் தூங்கிக்கொண்டிருந்தான். இப்போது மகளுக்கு முன்னே அப்பா எழுந்து, சூடாக டீயும் வாட்டிய ரொட்டியும் கையில் கொடுத்து அனுப்புகிறார். அதை நினைத்தால் டேப்புவுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. இந்த மனுஷர் இங்கேயே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று அவனுக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கத் தடை.

மாதக் கடைசி வியாழக்கிழமை மாலை டேப்பு அடுத்த நாலு வாரத்துக்கான சீட்டைப் போட உட்கார்ந்தான். இங்கேதான் வினை பிறந்தது.

லோடு பிளானர்களுக்கு ஒரு விதி உண்டு, தலைகீழாக நின்றாலும் அதை மீற மாட்டார்கள். உறுதியாகாத சரக்குக்கு இடம் ஒதுக்கக் கூடாது. வரும் வரும் என்று இடம் விட்டு வைத்து, வராமல் போய், பாதி லாரி காலியாக ஓடிய கதைகள் டேப்புவிடம் நிறைய இருக்கின்றன. மாமனார் ஞாயிற்றுக்கிழமைதான் சொல்வார். இன்று வியாழன். ஆக, உறுதியாகவில்லை. டேப்பு அசங்காமல் இரண்டு பேருக்குக் கணக்குப் போட்டான். அரிசி ஒரு கப். கிழங்கு நாலு. மீன் இரண்டு துண்டு. வலது ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்கு இடம் விட்டான், ஞாயிற்றுக்கிழமை மாமனார் சம்மதம் சொன்னதும் எழுதிக்கொள்ள. அந்த ஓரம் விட்டதற்காகத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டான் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பழைய சீட்டைக் கிழித்துப் புதியதை ஒட்டிவிட்டு வேலைக்குப் போனான். மனைவி நாலரைக்கே கிளம்பிப் போயிருந்தாள், மாலையில் அலுப்பில் அதைக் கவனிக்கவுமில்லை.

சனிக்கிழமை கிடங்கில் அரை நாள். ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது பல் டாக்டர் மாடிப்படியில் காலிப் பாத்திரத்தோடு நின்றிருந்தார்.

"டேப்பு சார், மேல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லையே. ஏன்?"

"நேத்தும் ஒண்ணும் வரல, இன்னைக்கும் வரல. வாசனை மட்டும் காலையிலேர்ந்து வருது." டாக்டருக்குக் கேட்கவும் கூச்சம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

டேப்பு யோசித்துக்கொண்டே மேலே போனான். வீடு துடைத்து வைத்திருந்தது. சமையலறை மேடையில் ஒரு பாத்திரம் இல்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தான். காலில் எதுவும் விழவில்லை.

உள்ளே ஏழு டப்பா. ஒவ்வொன்றிலும் கிழமை எழுதி ஒட்டியிருந்தது. ஞாயிறு கதவோரம், சனி பின்சுவரை ஒட்டி. முதல் நாலு நாளைக்குச் சமைத்தது, மிச்ச மூன்று நாளைக்கு நறுக்கியதும் ஊறவைத்ததும். முட்டை குழியில், பால் அதன் அங்குலத்தில். டப்பாக்களுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. ஒன்பது வருஷமாக எவ்வளவு அளந்தும் டேப்புவால் இப்படி அடுக்க முடிந்ததில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் ஒருவழியாக மாமாவுக்கு சிஸ்டம் பிடிபட்டுவிட்டது என்று மனம் துள்ளியது.

சந்தோஷத்தில் ஞாயிற்றுக்கிழமை டப்பாவைத் திறந்தான். மீன் இரண்டு துண்டு. திங்கள். கோழி இரண்டு துண்டு. செவ்வாய்க்கு இரண்டு கரண்டி சோறு, அளந்து வைத்த மாதிரி. ஏழையும் திறந்து பார்த்துவிட்டான். எதிலும் மூன்றாவது ஆள் இல்லை.

ஹாலுக்கு வந்தான். சோபாவுக்குப் பக்கத்தில் தகரப் பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது. மாமனார் பால்கனியிலிருந்து உலர்ந்த துண்டை மடித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. இந்த வாரம் சந்தைக்குப் போக வேண்டாம். எல்லாம் இருக்கு."

"மாமா, பெட்டி எதுக்கு?"

"கிளம்பறேன். நாலு மணிக்குப் பாப்பா வந்துடுவா. சொல்லிட்டு அஞ்சு மணி பஸ்ல ஏறிக்கறேன்."

"ஏன் மாமா, யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"சே சே. சீட்டைப் பாத்தேன்." துண்டைப் பெட்டியின் மேல் வைத்துத் தட்டினார். "கப்பல்ல ஆளை இறக்கி விடறதா இருந்தா யாரும் நேர்ல சொல்ல மாட்டாங்க மாப்பிள்ளை. சாமான் சீட்டு வரும். ஒரு தடவை இருபத்துமூணு பேருக்கு வந்துச்சு. நாங்க இருபத்துநாலு. யார் அந்த ஒருத்தர்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, எஞ்சின் ரூம் ஆள். அவனுக்கே தெரியாது. ரெண்டு நாள் என் கையால சாப்பிட்டான். நல்லா இருக்குண்ணான்னு வேற சொன்னான். நான் வாயைத் திறக்கல." கொஞ்சம் சிரித்தார். "அதனால நான் அரிசியைப் பாத்தாலே கப்பல்ல எத்தனை பேர்னு சொல்லிடுவேன். உங்க சீட்டுல ஒரு கப். ரெண்டு பேர்."

டேப்பு பதறினான். "ஐயோ மாமா, அது அப்படி இல்ல. எங்க வேலையில ஒரு ரூல். உறுதியாகாத சரக்குக்கு..." என்று ஆரம்பித்து, மாமனாரைச் சரக்கு என்று சொல்லிக்கொண்டிருப்பது பாதியில் உறைத்து நிறுத்தினான். நிறுத்தியது இன்னும் மோசமாக இருந்தது. "நீங்க ஞாயித்துக்கிழமைதானே சொல்றதா... ஓரத்துல இடம்கூட விட்டிருக்கேன். மூணு விரல்."

"பாத்தேன். சரியான ரூல்தான்" என்றார் மாமனார். அவர் குத்தலாகச் சொல்லவில்லை, மெய்யாகவே சொன்னார். "எங்க கேப்டனும் அப்படித்தான். நீங்க வருத்தப்படாதீங்க. எனக்குச் சின்ன அளவு வரலன்னு நீங்க பட்ட பாட்டை நான் பாக்காமலா இருந்தேன். கடைசியா ஒரு தடவை சரியா பண்ணிக் குடுத்துட்டுப் போகலாம்னு பண்ணேன். வந்துடுச்சு பாருங்க, ரெண்டு பேர் அளவு."

அவர் சண்டை போட்டிருந்தால் டேப்பு சமாளித்திருப்பான். இருங்க மாமா என்று ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. பால்கனியில் மனைவி விரலை ஆட்டியது ஞாபகம் வந்து அங்கேயே நின்றது. மணி ஒன்றரை. அவள் வர இன்னும் இரண்டரை மணி நேரம். அவள் வரும்போது இந்தக் கயிறு கட்டிய பெட்டியைப் பார்த்தால் அவள் முகம் எப்படி ஆகும் என்று நினைக்கவே அவனுக்குத் தாங்கவில்லை. இதற்குக் காரணம் அவன் கையெழுத்து.

கதவுக்குப் பின்னால் தொங்கிய பையை எடுத்தான்.

"எங்க மாப்பிள்ளை?"

"சந்தைக்கு."

"அதான் எல்லாம் இருக்குன்னு சொன்னேனே."

"பரவால்ல மாமா. நான் வர்ற வரைக்கும் எங்கயும் போயிடாதீங்க."

பட்டியல் இல்லாமல் டேப்பு சந்தைக்குப் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. என்ன வாங்கப் போகிறான் என்று அவனுக்கே தெரியாது. கிழங்கைப் பார்த்தான், மீனைப் பார்த்தான், எதுவும் போதாது என்று பட்டது. அரிசிக் கடை வாசலில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. சின்னது இரண்டு கிலோ, அவன் வழக்கமாக வாங்குவது. பெரியது இருபத்தைந்து. கை பழக்கத்தில் பாக்கெட்டுக்குப் போய் டேப்பைத் தொட்டது. வெளியே எடுக்கவில்லை.

"அந்தப் பெருசு" என்றான்.

கடைக்காரர் அவனை ஒன்பது வருஷமாக அறிவார். "ஓட்டல் ஏதும் வெக்கிறீங்களா?" என்றார்.

வாசல் வரைக்கும் ஆட்டோவில் வந்துவிட்டது. மாடிப்படிதான் உயிரை வாங்கியது. பல் டாக்டர் ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்தார். எதற்கு, என்ன என்று கேட்கவில்லை, அரிசி என்று தெரிந்ததே அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு பல்லைப் பிடுங்க இவ்வளவு மூச்சு வாங்கியதில்லை என்று மட்டும் நடுப்படியில் நின்று சொன்னார். இருவருமாக மூட்டையை ஹால் நடுவில் தொப்பென்று போட்டார்கள். டாக்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மாமனார் மூட்டையைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"இருபத்தஞ்சு கிலோ."

"ஆமா மாமா."

"எங்க வெப்பீங்க?"

"தெரியல."

"அளந்து பாக்கலையா?"

"அளக்கல. வாங்கிட்டேன். இடம் அப்புறம் பாத்துக்கலாம்."

மாமனார் மூட்டையின் தையலை விரலால் தடவிப் பார்த்தார். டேப்பு அதைச் சமையலறைக்கு இழுத்துப் போனான். தொட்டிக்கு அடியில் போகவில்லை. கதவுக்குப் பின்னால் வைத்தால் கதவு திறக்கவில்லை. பால்கனியில் வைத்தால் மழை. திரும்ப ஹாலுக்கு இழுத்து வந்து, சுவரோரம் சாத்தினான். வியர்த்துக் கொட்டியது.

"அங்க வெக்காதீங்க" என்றார் மாமனார். "தரையில அரிசியை வெக்கக் கூடாது. ஈரம் ஏறும். ஒரு வாரத்துல வண்டு வந்துடும்."

"வேற இடம் இல்ல மாமா."

மாமனாருக்குக் கைகள் பொறுக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் அரிசியைக் கடல் தண்ணீரிலிருந்து காப்பாற்றிய கைகள். அங்குமிங்கும் பார்த்தார். ஃப்ரிட்ஜ் மேல் வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்து, தலையை ஆட்டிக்கொண்டார். கடைசியில் சோபாப் பக்கம் போய்க் குனிந்து, தன் பெட்டியின் முடிச்சை அவிழ்த்தார். இரண்டே இழுப்பு. சட்டை, துண்டு, ஸ்வெட்டர், சவரப் பை எல்லாவற்றையும் எடுத்துச் சோபாவில் போட்டார். அடியில் ஒரு செய்தித்தாளை விரித்தார்.

"தூக்குங்க மாப்பிள்ளை. மெதுவா. என் இடுப்பு உங்க மாதிரி இல்ல."

மூட்டை பெட்டிக்குள் கனகச்சிதமாக உட்கார்ந்தது. மூடியைச் சாத்திக் கொக்கியை மாட்டினார். எல்லாப் பக்கமும் அரை அங்குலம்தான் இடைவெளி இருந்திருக்கும். டேப்பு அளக்கவில்லை. இருவரும் பெட்டிக்கு இரண்டு பக்கமும் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

நாலு மணிக்கு மனைவி யூனிபார்மோடு உள்ளே வந்தாள். சோபா முழுக்க அப்பாவின் துணி. கீழே கிடந்த கயிறு. பெட்டி. அவள் முகம் வெளுத்தது. அப்பா துணியை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தாள்.

"என்னப்பா இது?"

மாமனார் மூடியைத் திறந்து காட்டினார். அவள் எட்டிப் பார்த்தாள். அரிசி மூட்டை. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"யார் இதை வாங்கினது? நீங்களா?"

டேப்பு தலையை ஆட்டினான். ஒரு வார்த்தை பேசி வைக்கக் கூடாது என்ற உத்தரவு அவனுக்கு இன்னும் அமலில் இருந்தது.

"இவ்வளவா? எத்தனை நாளைக்கு இது?"

டேப்புவைத்தான் கேட்டாள். ஆனால் அரிசிக் கணக்கு என்றால் மாமனாருக்கு வாய் சும்மா இருக்காது. மூட்டையின் மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"வாரத்துக்கு நாலு நாள் அரிசின்னு வெச்சுக்கோ. மூணு பேருக்கு மூணு மாசம் வரும்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "கீழ் வீட்டு டாக்டரையும் சேத்தா ரெண்டு மாசம்."

அவள் மூடியைச் சாத்திவிட்டு அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். யூனிபார்ம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள்.

"அப்போ சாவி?" என்றாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"உன் பஸ் துறைமுகம் வழியாத்தானே போகுது? நாளைக்கு ஏறிக்கறேன். குடுத்துட்டு அதே பஸ்ல திரும்பிடறேன்." மாமனார் சோபாவிலிருந்த துணிகளை ஒரு கைக்குள் அள்ளினார். "மாப்பிள்ளை, இதெல்லாம் வெக்க ஒரு இடம் காட்டுங்க."

இடம் எங்கே இருக்கிறது? டேப்பு எழுந்து, தன் அலமாரியைத் திறந்து, தன் சட்டைகளை இரண்டு கையாலும் ஒரு பக்கமாக நெருக்கித் தள்ளினான்.